கணக்கில் சேராத முதல் ஓட்டம்

கொக்குவிலில் ஒரு வாடகை அறைக்குள் எனக்கென்று ஒரு கடல் இருந்தது. கணினிக்குள் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் பகல் முழுவதும் அதன் முன்னால் இருப்பவளுக்கு உள் எது, வெளி எது என்று பிடிபடாது. மின்விசிறி சுற்றும். ரயில் போனால் மேசை மெல்ல அதிரும். திரையில் நீலம் அசைந்துகொண்டிருக்கும். காற்று எந்தத் திசை என்று நான் எழுதிக் கொடுப்பேன், அது அப்படியே வீசும். நான் தேநீர் வைத்துக் குடித்து முடிப்பதற்குள் அங்கே ஒரு பகல் முடிந்து இருட்டி, மறுபடியும் விடிந்திருக்கும்.

எஞ்சின் நின்றுபோன படகு ஒன்றைக் காற்றும் நீரோட்டமும் எங்கே கொண்டுபோகும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. காணாமல் போன இடத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகளை விடுவோம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு படகு. அவை ஒன்றாகப் புறப்படும், மண்டைதீவுப் பக்கம் கலையும், எங்கோ போய் மறுபடியும் கூடும். சில நாட்களில் வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்துவிடுவேன். நான் குருநகரில் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. அண்ணை இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர். அந்தப் புள்ளிகளை வெறும் புள்ளிகளாகப் பார்க்க எனக்கு வராது.

அறையில் இரண்டு மேசைகள். மற்ற மேசையில் கோப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற அக்கா ஒருவர். இந்தக் கணக்கைப் போடும் கணினி மொடலை இரண்டு பேரும் தனித்தனியாக எழுதியிருந்தோம். என்னுடையது கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, அடியில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பார்த்துக் கணக்குப் போடும். அக்காவுடையது பெரிய கட்டங்கள், குத்துமதிப்பு. மீனவர் சங்கத்துக்கு ஒன்றுதான் கொடுக்கலாம். தேடப் போகிறவர்கள் கரையில் காத்து நிற்பார்கள், ஆகவே சீக்கிரம் விடை சொல்வதையே கொடுப்பது என்று பேசிக்கொண்டோம்.

ஓட்டநேரம் அளப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரே கணினி, ஒரே காற்று, வேறு எதுவும் திறந்திருக்கக் கூடாது. பல தடவை ஓட்டி நடுவில் நிற்கிற நேரத்தை எடுக்க வேண்டும். முதல் ஓட்டத்தை மட்டும் சேர்ப்பதில்லை. கல் சூடேறுவதற்கு முன் ஊற்றிய தோசையை யாரும் விருந்தாளிக்கு வைப்பதில்லையே, அதுபோலத்தான். முதல் ஓட்டத்தில் என் மொடல் கடலடியின் ஆழங்களை எல்லாம் வாசித்து அடுக்கிவைக்கும். அதற்கு வெகு நேரம் ஆகும். அடுக்கிவிட்டால், கணினியை அணைக்கும்வரை பிறகு பறக்கும். அந்த முதல் ஓட்டத்தைப் போட்டுவிட்டு நாங்கள் தேநீர் வைக்கப் போய்விடுவோம்.

அளந்து பார்த்ததில் நான் வென்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலே எல்லோரையும் பிடித்து இருத்திவைத்து, இழுபட்டுப் போகும் படகை அது எப்படித் தேடும் என்று கதை சொன்னேன். அக்கா முகம் கோணவில்லை. "உன்ரை கடல் நல்ல வடிவு பிள்ளை," என்றார். அழகைச் சொன்னது எனக்குப் போதவில்லை, வேகத்தையும் சொல்லியிருக்கலாம் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

வாடைக்காற்று பலமாக வீசிய ஒரு காலை, கணினியை அப்போதுதான் போட்டிருந்தேன். அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"கொண்ணை இன்னும் கரைக்கு வரேல்லையடி. போனும் வேலை செய்யேல்லை."

அண்ணை விடியும்போதே வந்திருக்க வேண்டியவர். காற்றின் திசையை எழுதினேன், அவர் வலை விடுகிற இடத்தை எழுதினேன், ஓடவிட்டேன். திரை வெறுமையாக இருந்தது. ஆழங்களை வாசிக்கத் தொடங்கியிருந்தது அது.

கரையிலிருந்து சித்தப்பா அழைத்தார். பின்னால் எஞ்சின்கள் இரைந்தன. "எந்தப் பக்கம் போறது, சொல்லு பிள்ளை!"

"கொஞ்சம் பொறுங்கோ சித்தப்பா."

முதல் ஓட்டத்தை முன்னால் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேடு ஒன்று, பள்ளம் ஒன்று, இன்னொரு மேடு என்று அவசரமே இல்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தது. காணாமல் போகிறவர் ஒரு தடவைதான் காணாமல் போகிறார். அவருக்கு இரண்டாம் ஓட்டம் கிடையாது. இது ஏன் எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை? மேசையில் ஓங்கிக் குத்தினேன். ரயில் ஒன்று போனது. எங்கோ தொலைவில் யாருக்கோ நடப்பது போல எல்லாம் மங்கலாக இருந்தது.

அக்கா தன் மேசையிலிருந்து திரும்பிப் பார்த்தார். நான் எழுதியதையே தன்னுடைய மொடலிலும் போட்டிருந்தார், அது ஓடி முடிந்திருந்தது. பெரிய பெரிய கட்டங்கள், அதில் ஒன்றில் புள்ளிகள் குவிந்து கிடந்தன. "மண்டைதீவுக்குத் தென்மேற்கை, வெளிக்கடல் பக்கம் காட்டுது. சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ அக்கா," என்று தொலைபேசியை அவர் கையில் கொடுத்தேன்.

அந்தப் பக்கம்தான் கண்டெடுத்தார்கள். சித்தப்பா அழைத்து "ஆள் சுகம்" என்று சொன்ன பிறகு என் திரையில் நீலம் விரிந்தது. அதுவும் ஏறக்குறைய அதே இடத்தைத்தான் காட்டியது. மிகவும் வடிவாகக் காட்டியது. நான் கணினியை மூடினேன்.

பின்னேரம் அண்ணை உதடெல்லாம் உப்புப் பூத்து, விறாந்தையில் கால் நீட்டி இருந்தார். அம்மா அழுதுகொண்டே திட்டி முடித்திருந்தார். எஞ்சின் நின்ற இடம் ஆழம் குறைந்த இடம் என்று அண்ணை சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப ஏன் நங்கூரம் போடேல்லை? போட்டிட்டு அங்கேயே நிண்டிருக்கலாந்தானே அண்ணை?"

அவர் என்னை விளங்காத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"போட்டா நான் ஒரே இடத்திலை எல்லே நிண்டிருப்பன். உன்ரை கொம்பியூட்டர் இழுபட்டுப் போற வள்ளத்தைத்தானே தேடும்? உன்ரை கணக்குப் பிழைக்கக் கூடாதெண்டுதான் போடேல்லை."

காலடியில் நங்கூரத்தை வைத்துக்கொண்டு வெளிக்கடலை நோக்கிப் போயிருக்கிறார் அண்ணை. அவர் நம்பிப் போன என் கடலில் அப்போது தண்ணீரே வந்திருக்கவில்லை.