காலியாக இருந்த குறைப் பெட்டி

அலுவலகத்தில் அவளுக்குப் பெட்டி அக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மூன்றாவது மாடியில், ஏ.சி. தண்ணீர் சொட்டும் மூலையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி அவளுடைய நாற்காலி. வீடியோ கேம் சாமான்கள் செய்து விற்கும் கம்பெனி அது. ஆடுகிறவர்கள் அந்தச் சாமான்களைப் பற்றி இணையத்தில் எழுதுவதெல்லாம் அவள் திரையில் வந்து விழும். ஒவ்வொன்றையும் படித்து, அதற்குரிய பெட்டியில் தள்ள வேண்டும். புகழ், குறை, வெறும் கேலி என்று மூன்று பெட்டிகள். புகழ் மேலிடத்துக்குப் போகும். குறை, பொறியாளர்களின் மேஜைக்குப் போகும். வெறும் கேலியை யாரும் படிப்பதில்லை. எத்தனை என்று எண்ணிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள்.

கேட்டால் சுலபமான வேலை மாதிரி இருக்கும். ஆனால் கேம் ஆடுகிற பிள்ளைகள் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். 'இந்த பட்டனுக்கு ரொம்பத் தாராள மனசு, ஒரு தடவை அமுக்கினா மூணு தடவை சுடுது' என்று ஒருவன் எழுதியிருப்பான். வேலைக்குப் புதிதாக வந்த பெண்கள் அதைப் புகழில் போடுவார்கள். பெட்டி அக்கா எட்டிப் பார்த்து, "இவன் சிரிக்கலடி, புலம்பறான்" என்று குறையில் எடுத்துப் போடுவாள். அவள் போட்ட பெட்டி தப்பாக இருந்ததாக ஒருநாளும் புகார் வந்ததில்லை.

வீட்டிலோ, எந்தப் பெட்டியிலும் போட முடியாத துக்கம் ஒன்று அவளுக்கு இருந்தது.

அவள் கணவர் ஒரு காலத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஆடிவிட்டுப் போகிற கடை. அவர்களுடைய ஒரே மகள் அந்தக் கடையில்தான் வளர்ந்தாள். அப்பாவின் மடியில் உட்கார்ந்து, பெரிய பையன்களையெல்லாம் தோற்கடிப்பாள். தோற்றவர்கள் வைத்த பெயர்தான் குட்டிப்பிசாசு. இன்றைக்கும் விளையாட்டுகளில் அவளுக்கு அதுதான் பெயர். அப்பாவின் பெயர் கடைக்காரர்.

மகள் வேலைக்காகத் தொலைதூரம் போனாள். அங்கேயே ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு, அதற்கு மறுநாள் போனில் சொன்னாள். "இனிமே எனக்குப் போன் பண்ணாதே" என்றார் அவர். அப்பனுக்கு ஏற்ற மகள். அவள் பண்ணவே இல்லை. அம்மாவோடு மட்டும் பேசுவாள்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் டி.வி. முன்னால் இணைய விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தபோது, திரையில் சிவப்புத் தொப்பி போட்ட சின்ன உருவம் ஒன்று வந்து இரண்டு முறை குதித்தது. தலைக்கு மேல் குட்டிப்பிசாசு என்று எழுதியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தானும் இரண்டு முறை குதித்தார்.

"போன் பண்ணாதேன்னுதானே சொன்னாரு. ஆட வராதேன்னு சொல்லலையே" என்று அம்மாவிடம் சிரித்தாள் மகள்.

அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் அவர்களுடையது. பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது. இருவருமாக ஆற்றங்கரையில் ஒரு வீடு கட்டினார்கள். அவர் மரம் வெட்டுவார், அவள் சுமப்பாள். ஓநாய் வந்தால் அவள் முன்னால் ஓடுவாள், அவர் அவளுக்கு முன்னால் ஓடப் பார்ப்பார். பெட்டி அக்கா துணி மடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்ற மகள் வாசலில் வந்து நின்றால்கூட அவர் முகம் இவ்வளவு மலராது என்று தோன்றும்.

பிறகு அவர் விரல்கள் பேச்சைக் கேட்காமல் போயின. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். கையை மொத்தமாக மூடித் திறக்கலாம். ஒவ்வொரு விரலாக அசைக்க வராது. கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலரிலோ விரலுக்கு ஒரு பட்டன். கடைக்காரர் ஆற்றில் விழுந்தார். நெருப்பில் நடந்தார். ஒருநாள் ஓநாயை வெட்டப் போய்க் குட்டிப்பிசாசை வெட்டினார். அன்றைக்கே கண்ட்ரோலரைத் துணியில் சுற்றிப் பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார்.

"அவகிட்ட சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணு" என்றார்.

"சொன்னா என்னங்க? உங்க பொண்ணுதானே. ஓடி வந்துடுவா."

"அதான் வேண்டாங்கறேன். பாவம் பார்த்து வரக்கூடாது. வரணும்னு தோணி வரட்டும்."

மகள் போனில் கேட்டாள். "அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரலையாம்மா? ஆட வர்றதையும் நிறுத்திட்டாரே."

"வேலையா இருக்காரு பாப்பா" என்றாள் அம்மா. கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு என்ன வேலை என்று மகள் கேட்கவில்லை. கேட்காததுதான் அம்மாவுக்கு அதிகமாக வலித்தது.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனி அந்தப் புதுக் கண்ட்ரோலரைச் செய்தது. பட்டனே கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு சிவப்பு ரப்பர் உருண்டைகள், நடுவில் ஒரு கயிறு. சாய்த்தால் நடக்கும், அமுக்கினால் குதிக்கும், இறுக்கி அமுக்கினால் வெட்டும். ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொல்லி ஆட்டக்காரர்கள் பலருக்கு அனுப்பினார்கள். ஊழியர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கிடைத்தது.

பெட்டி அக்கா அதைக் கைப்பையில் வைத்து, பஸ்ஸில் யாரும் இடித்துவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"இது என்ன, தக்காளியா?" என்றார் கணவர்.

"அமுக்கிப் பாருங்க."

அவர் அமுக்கினார். திரையில் கடைக்காரர் குதித்தார். அவர் மறுபடி அமுக்கினார். மறுபடி குதித்தார். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எப்படிங்க இருக்கு? ஏதாவது குறை இருக்கா?"

"ஒரு குறையும் இல்லை" என்றார்.

அந்த ஞாயிறு குட்டிப்பிசாசு இரண்டு முறை குதிக்கவில்லை. குதித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் கருத்துகள் வரத் தொடங்கின.

'பட்டன் எங்கேடா? வழியில யாராவது கழட்டிக்கிட்டாங்களா?'

'எங்க வீட்டு நாய் இதைக் கவ்விக்கிட்டு ஓடிடுச்சு. கேட்டா உறுமுது. அதுக்காவது பிடிச்சிருக்கே, சந்தோஷம்.'

'பிரஷர் உள்ளவங்களுக்கு அமுக்கிக்கிட்டே இருக்கச் சொல்லி ஒண்ணு கொடுப்பாங்களே, அது தப்பா என் வீட்டுக்கு வந்துடுச்சு.'

பக்கத்து நாற்காலிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெட்டி அக்கா சிரிக்கவில்லை. பாராட்டியவர்களும் இருந்தார்கள், ஆனால் கேலிக்குத்தான் கூட்டம் சேர்ந்தது.

பிரிவு அதிகாரி வந்து அவள் மேஜையில் கையூன்றி நின்றாள். "மேலிடம் யோசிக்குது அக்கா. புகழ் ஜாஸ்தியா இருந்தாத்தான் கடைக்குப் போகும். இல்லைன்னா இத்தோட மூடிடுவாங்க. நீங்க போடறதைத்தான் அவங்க பார்ப்பாங்க."

அன்று மத்தியானம் ஒரு கருத்து வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள்.

'கை வேர்த்தா ஈரச் சோப்பு மாதிரி நழுவுது. எதிரி சாகறதுக்குள்ள இது என் கையிலிருந்து ரெண்டு தடவை குதிச்சுத் தற்கொலை பண்ணிக்கிச்சு. இதைச் செஞ்சவங்களுக்குக் கையே கிடையாதா?'

எழுதியவர் பெயரைப் பார்த்தாள். குட்டிப்பிசாசு.

உலகத்தில் வேறு குட்டிப்பிசாசு இருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருந்த சின்னப் படம், கடை வாசலில் முன்பல் இல்லாமல் சிரிக்கும் பெண் குழந்தை. அந்தப் படத்தை எடுத்தது பெட்டி அக்காதான்.

அது எந்தப் பெட்டிக்கு உரியது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சிரிப்புக்குள் ஒரு குறை இருந்தது. கை வேர்த்தால் நழுவுகிறது. பொறியாளர்கள் படிக்க வேண்டிய வரி. ஆனால் குறை ஒன்று கூடினால் புகழின் பங்கு குறையும். மகள் எழுதிய வரியே தகப்பன் கையிலிருப்பதைப் பிடுங்கப் போகிறதா? எங்கோ உட்கார்ந்துகொண்டு, விவரம் தெரியாமல், அவள் விளையாட்டாக எழுதியது. தாய் அதற்கு உடந்தையாக இருக்கலாமா?

அவள் அதைப் புகழில் தள்ளினாள்.

முதல் பொய்தான் கஷ்டமாக இருந்தது. பிறகு நழுவுகிறது என்று எழுதியவர்கள் எல்லோரும் புகழுக்குப் போனார்கள். நாய் கவ்விக்கொண்டு போனதும் புகழுக்குப் போனது. பொறியாளர் ஒருவர் ஒருமுறை வந்து, "என்ன அக்கா, என் பெட்டி காலியாவே இருக்கு? அவ்வளவு நல்லாவா செஞ்சுட்டோம்?" என்று கேட்டார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க தம்பி" என்றாள்.

கண்ட்ரோலர் கடைகளுக்குப் போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் சிரிக்கவில்லை, திட்டினார்கள். ஆட்டத்தின் நடுவில் கையிலிருந்து பறந்து ஒருவருடைய டி.வி.யை உடைத்தது. திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் கடைகளில் வரிசை கட்டினார்கள். கம்பெனி விற்பனையை நிறுத்தியது.

பொறியாளர் அவள் மேஜைப் பக்கம் வந்து சும்மா நின்றார். மூன்று வருட உழைப்பு. தாடி வளர்ந்திருந்தது.

"நழுவுதுன்னு ஒரே ஒருத்தர் முன்னாடி சொல்லியிருந்தாக்கூடப் போதும் அக்கா. மேல துணி மாதிரி சொரசொரப்பா ஒரு உறை. அரை நாள் வேலை. ஏன் யாருமே சொல்லலை?"

அவள் திரையில் அடுத்த கருத்தைத் திறந்தாள்.  அவர் போய்விட்டார்.

துணி என்ற சொல் மட்டும் அவள் காதில் நின்றது. வீட்டுக்கு வந்து டி.வி. பக்கத்தில் பார்த்தாள். சிவப்பு உருண்டைகள் இரண்டின் மேலும் கைக்குட்டை சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பல நாளாகப் பார்த்ததுதான். தூசி படாமலிருக்கக் கட்டியிருக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"இது எதுக்குங்க?"

"நழுவும். முதல் நாளே நழுவிச்சு."

"குறையே இல்லைன்னு சொன்னீங்களே."

"நீ அவ்வளவு ஆசையா கொண்டு வந்தே. அதுல போய்க் குறை சொல்ல வாய் வரலை."

கைக்குட்டையின் முடிச்சைத் தடவியபடி அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பதறிப்போய், கம்பெனியில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அது உண்மைதான்.

விற்காத கண்ட்ரோலருக்காக விளையாட்டைச் செய்தவர்கள் மெனக்கெட மாட்டார்கள். அவர்கள் செய்த அடுத்த மாற்றம் வந்தபோது, அந்த ஆற்றங்கரை விளையாட்டு சிவப்பு உருண்டைகளை அடையாளம் கண்டுகொள்வதை நிறுத்திவிட்டது. அலுவலகத்தில் பேசிக்கொண்டதால் அது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அவரிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம். உருண்டைகளால் திறக்க வராததால், பீரோவுக்கு மேலே இருந்த பழைய கண்ட்ரோலரை இறக்கி, அவள்தான் விளையாட்டைத் திறந்து கொடுத்தாள். கடைக்காரர் தான் கட்டிய வீட்டின் படியில் நின்றார். சிவப்புத் தொப்பி வந்து இரண்டு முறை குதித்தது.

அவர் உருண்டைகளை அமுக்கினார். கடைக்காரர் அசையவில்லை.

"அமுக்கிட்டேதான் இருக்கேன்" என்றார், யாரோ அவரைக் குற்றம் சொன்னது போல. "இந்தா, பாரு. அமுக்கிட்டேதான் இருக்கேன்."

சிவப்புத் தொப்பி மறுபடி குதித்தது. அவரைச் சுற்றி வந்தது. முகத்துக்கு நேராக வந்து நின்றது.

"பழசுல நான் ஆடட்டுமாங்க, உங்களுக்குப் பதிலா?"

"வேண்டாம். என் நடை அவளுக்குத் தெரியும்." கை இரண்டும் இறுகி வெளுத்துப் போயிருந்தன. "நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்னு நினைச்சுப்பா. மறுபடியும்."

சிவப்புத் தொப்பி திரும்பி, ஆற்றுப் பாலத்தை நோக்கி மெல்ல நடந்தது.

பெட்டி அக்கா எழுந்து சமையலறைக்குள் போனாள். போனை எடுத்தாள். செய்த சத்தியம் நினைவில் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"பாப்பா, எங்க இருக்கே?"

"வீட்லதான்." மகளின் குரல் கனத்திருந்தது. "உன் வீட்டுக்காரர் மரம் மாதிரி நிக்கிறாரும்மா. இத்தனை நாள் நல்லா ஆடிட்டு, இப்ப நான் கண்ணுக்கே தெரியாத மாதிரி. போதும்மா. நான் இனிமே வரலை."

"போகாதே. அவருக்குக் கை வராதுடி."

மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னது, ஆற்றில் விழுந்தது, பீரோ, சத்தியம். 

"அப்புறம் எதை வச்சு ஆடினாரு?"

"எங்க கம்பெனியோடது ஒண்ணு. பட்டன் இல்லாம."

"அந்தச் சிவப்பு உருண்டையா?"

"ஆமாம்."

 கதவிடுக்கு வழியே டி.வி. தெரிந்தது. பாலத்தின் நடுவில் சிவப்புத் தொப்பி அப்படியே நின்றிருந்தது.

"அம்மா, நான் அதைப் பத்தி ஒண்ணு எழுதினேன். ரொம்பக் கேவலமா எழுதினேன். உன் கண்ணுல பட்டுச்சா?"

அந்த வரியின் ஒவ்வொரு எழுத்தும் அவளுக்கு மனப்பாடம். ஒருநாளும் பெட்டி மாற்றிப் போடாதவளின் கையை முதன்முதலில் மாற்றிய வரி.

"ஆயிரம் பேர் எழுதறாங்க. எல்லாத்தையும் நான் எங்க படிக்கிறேன்?" என்றாள். "இல்லை பாப்பா. படலை."

மகள் அழுதாள். போன் அணைந்தது.

கூடத்திலிருந்து அவர் கூப்பிட்டார். "இங்க வந்து பாரேன். பாலம் வரைக்கும் போனவ திரும்பி வந்துட்டா. என் பக்கத்துல படியில உட்கார்ந்துட்டா. ஏன்னே தெரியலை."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கட்டிய வீட்டின் படியில் கடைக்காரர் அசையாமல் நின்றார். அவர் காலடியில் சிவப்புத் தொப்பி உட்கார்ந்திருந்தது. வேலைகளை விட்டுவிட்டு, ஓநாய்களை விட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தது.

"கால் வலிக்குதோ என்னவோ" என்றாள்.

அவர் தலையாட்டினார். கைக்குட்டை சுற்றிய உருண்டைகளை இன்னும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தார்.