எழுத்தாளரின் மேசையில் விட்ட கடிதம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் ஓர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்தேன். ஜப்பானிய எழுத்தாளர் ஒருவர் வாழ்ந்த வீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே ஒரு மண்டபத்துக்குள் பொருத்தி வைத்திருந்தார்கள். இரண்டே அறைகள். தாள் ஒட்டிய கதவுகள், தரை முழுக்கப் பாய், முழங்கால் உயரத்தில் ஒரு மேசை, அதில் அவர் எழுதிய தாள்கள். பார்க்க வருபவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். நான் காலையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தூசி தட்டுவேன்.

சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். கடிதம் எழுத உட்கார்ந்தால் யாராவது எட்டிப் பார்த்துப் பகிடி பண்ணுவார்கள். அதனால் ஊரில் இருந்த மனைவிக்குச் சுகம், வேலை, குளிர் என்பதற்கு மேல் எழுதியதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அவ்வளவுதான் வரும் என்று அவள் நினைத்திருக்கலாம். அந்த எழுத்தாளரின் மேசைக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்தபோது வேறு விதமாக எழுத வந்தது. செய்யக்கூடாத காரியம் என்று தெரிந்தும் தேநீர் நேரத்தில் எழுதினேன். எழுதிய இரண்டை வெட்கத்தில் கிழித்தும் விட்டேன்.

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது, வாசலில் பனித்தண்ணீர் தேங்கிவிட்டது என்று மேற்பார்வையாளர் கூப்பிட்டார். ஓடினேன். கடிதம் மேசையிலேயே கிடப்பது பதினொரு மணிக்குத்தான் நினைவு வந்தது.

போனபோது ஒரு தமிழ்ச் சோடி கயிற்றடியில் நின்றது. மேசை கயிற்றுக்குக் கிட்ட. என் எழுத்தும் பெரிய எழுத்து.

"இஞ்சேருங்கோ, இது தமிழெல்லோ."

"உனக்கு எங்கை பாத்தாலும் தமிழ்தான். அது ஜப்பான்காரன்ரை எழுத்து" என்றார் கணவர்.

அவள் குனிந்து சத்தமாக வாசித்தாள். "உம்மை நினைச்சால் நீர் தலை முழுகிப்போட்டு ஈரத்தோடை வந்து நிக்கிற மாதிரி..."

சப்பாத்தோடேயே கயிற்றைத் தாண்டிக் கடிதத்தை எடுத்தேன். குப்பைத்தாள் என்று சொல்லியிருக்கலாம். துப்புரவுக்காரன் சொன்னால் யாரும் நம்புவார்கள். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்தார்.

"பாதியிலை நிக்குது, அண்ணை. அனுப்புங்கோ" என்றாள் அவள்.

பாயில் சப்பாத்து அடையாளம் பதிந்திருந்தது. மேற்பார்வையாளர் எச்சரிக்கைக் கடிதம் தந்து, அந்த மண்டபத்தை வேறொருவரிடம் கொடுத்தார்.

அந்த வரியை முடிக்க எனக்கு வரவில்லை. அதன் கீழேயே கையெழுத்து வைத்து, அறைக்குக் கொண்டுபோனால் கிழித்துவிடுவேன் என்று வீடு திரும்பும் ரெயினில் ஏறும் முன்பே தபாலில் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது என்று மட்டும் எழுதியிருந்தாள். என்னைப் போல அவளுக்கும் வெட்கம் என்று விளங்கியது. அதற்குப் பிறகு அறையில் யார் எட்டிப் பார்த்தாலும் மறைக்காமல் எழுதினேன்.