அளவாக இருந்த பூட்ஸ்

மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் நான் பழைய பட்டாளத்து பூட்ஸும் கம்பளிக் கோட்டும் விற்கிறேன். யாங்கூனில் எல்லோரும் செருப்போடு திரிகிறவர்கள். காலைக் கவ்விப் பிடித்தால்தான் நல்ல பூட்ஸ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். தம்பியைப் பட்டாளத்துக்கு எடுத்து, பனி பெய்யும் வடக்கு மலைக்கு அனுப்புகிறார்களாம். அவன் காலுக்குக் கச்சிதமான ஜோடியை மாட்டிவிட்டேன்.

"இதைவிடப் பெருசா குடுங்கக்கா," என்றான் அண்ணன்.

கொடுத்தேன். இன்னும் பெரியது கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாருக்காவது வாங்குகிறானோ?

"நடந்தா கழண்டு விழும்ப்பா. அப்புறம் என்னைத் திட்டாதே."

"உள்ளே ரெண்டு கம்பளி சாக்ஸ் போடணும்க்கா. போட்டப்புறமும் விரல் ஆடணும். இறுக்கினா ரத்தம் ஓடாது, அந்தக் குளிர்ல விரல் செத்துப்போகும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த வெயிலிலும் அண்ணன் மட்டும் மூடிய கேன்வாஸ் ஷூ போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். குனிந்து ஒன்றைக் கழற்றினான். பெருவிரலும் அடுத்த விரலும் இல்லை.

"பட்டாளத்துல எனக்குக் குடுத்தது அளவா இருந்துச்சுக்கா."

தம்பி அதைப் பார்க்காதவன்போல் பெரிய பூட்ஸில் டொக் டொக்கென்று நடந்து, "சரியா இருக்குண்ணே," என்று சிரித்தான்.

பையைக் கட்டிக் கொடுக்கையில் 'போய்ட்டு வா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'போகாதே' என்றும் வரவில்லை. எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் தெரியவில்லை.

இப்போது பெரிய ஜோடிகளைத்தான் முன்வரிசையில் வைக்கிறேன். யாரும் வந்து கேட்காமல் இருக்க வேண்டுமே என்றும் இருக்கிறது.