புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம்

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் அரியர் வைத்த பிள்ளைகளைத் துணைத் தேர்வுக்குத் தேற்றிவிடும் டியூஷன் டீச்சர் வேலை இருக்கிறதே, அது தொண்டைத் தண்ணீர் வற்றுகிற வேலை. ஆக்சிஜனேற்ற எண்ணோடு மல்லுக்கட்டுகிற சக ஆசிரியர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

கோரஸ்

"எண் கூடினால் ஆக்சிஜனேற்றம், குறைந்தால் ஒடுக்கம்!" கத்தச் சொன்னால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். சரி, மைனஸ் ஒன்று மைனஸ் இரண்டானால்? "கூடிச்சு டீச்சர்!" அதுவும் கோரஸ்தான். அட கடவுளே, மைனஸில் போகப் போகக் குறைகிறது என்று எத்தனை தடவை சொல்வது!

அந்தக் கோரஸில் முதல் குரல், மலைமேல் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் மலருடையது. ப்ளஸ் டூ எல்லாப் பாடமும் பாஸ், இந்த ஒரு அரியர்தான் பாக்கி. இதைத் தாண்டினால் நர்ஸிங் சீட்டு, இல்லாவிட்டால் அதுவும் போச்சு. பக்கத்து அறையில் கணக்கு எடுக்கும் ரஃபீக் சாரிடம் போய், மைனஸை ஒழுங்காகச் சொல்லித்தரக் கூடாதா என்று பொரிந்தேன். அவர் சாக்பீஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என் கிளாஸ்ல கரெக்டா சொல்றாங்க டீச்சர், உங்க கிளாஸுக்கு வந்தா இன்னா ஆவுதுன்னு தெரியல."

எல்லாப் பேப்பரிலும் குடம்

மாதிரித் தேர்வில், ஒடுக்கத்துக்கு அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கேட்டது என் தலையெழுத்து. எல்லாரும் ஒரே பதில்: கறுத்த செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்.

செம்பு கறுக்கும்போது அதன் எண் பூஜ்ஜியத்திலிருந்து ப்ளஸ் இரண்டுக்கு ஏறுகிறது. அது ஆக்சிஜனேற்றம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புளியில் இருக்கும் அமிலம் அந்தக் கறுப்பை, அதாவது காப்பர் ஆக்சைடை, கரைத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். கரைந்து போன செம்புக்கும் அதே ப்ளஸ் இரண்டு. எண் அசையவே இல்லை, அப்புறம் என்ன ஒடுக்கம்? போர்டு நிறைய எழுதினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், மலர் மட்டும் ஆட்டவில்லை. "பளபளப்பைப் பாக்காதடி, எண்ணைப் பாரு!" என்று கத்தியேவிட்டேன். அவள் அசரவேண்டுமே!

"எங்க வூட்டுக் குடத்த எடுத்தாந்து தேய்ச்சிக் காட்றேன், அப்ப பாத்துட்டு சொல்லுங்க டீச்சர்."

குடமும் வந்தது, அம்மாவும் வந்தார்

மறுநாளே மலைப் பஸ்ஸில் குடம் வந்து இறங்கியது, கூடவே மலரின் அம்மாவும். மலர் புளியைப் பிசைந்து தேய்த்தாள். கழுவிய தண்ணீர் கலங்கி வழிய, குடம் தகதகவென்று ஆனது. அவள் முகத்தில் இருந்த வெற்றியைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கறுப்பு செம்பா மாறியிருந்தா குடத்துலயே இருக்கணும். இந்தத் தண்ணிக்குள்ள ஏன்டி வந்துச்சு?" என்றேன். கலங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலால் தரையில் ப்ளஸ் இரண்டு, ப்ளஸ் இரண்டு என்று எழுதினாள்.

அம்மா வந்தது குடத்துக்காக இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த வாட்டியும் போச்சுன்னா கேரளாவுக்கு மிளகு பறிக்க இவளையும் கூட்டிக்கினு போய்டுவேங்க, இனிமே என்னால காத்துக்கினு இருக்க முடியாது."

ரிசல்ட்

தேர்வில் வந்த கேள்வியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்: காப்பர் ஆக்சைடு அமிலத்தில் கரைவது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையா? எண்களைக் கொண்டு விளக்குக. மலர் பழைய குடத்தையே தூக்கிக்கொண்டு போயிருந்தால்? ரிசல்ட் வரும்வரை நான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

பாஸ்! தட்டுத்தடுமாறித்தான், ஆனாலும் பாஸ். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்படி என்னதான் எழுதினாள் என்று கேட்டார். நம்ம குடம் விஷயம்தான், புளி போட்டால் ஆக்சிஜனேற்றமும் இல்லை, ஒடுக்கமும் இல்லை என்று எழுதினதாக இப்போதுதான் சொன்னாள் என்றேன். கண்ணைத் துடைத்தவர் மகளை ஒரு முறை முறைத்தார்.

"அப்ப இத்தினி வருசமா நானு கை தேயத் தேய்ச்சதுல ஒண்ணுமே நடக்கலன்னு எழுதித்தான் இவ பாஸாயிருக்காளா?"

மலர் நர்ஸிங் சேர்ந்துவிட்டாள், அவள் அம்மா தனியாகவே மிளகு பறிக்கப் போய்விட்டார், நான் மட்டும் இங்கேயே, மைனஸ் ஒன்று மைனஸ் இரண்டானால் "கூடிச்சு டீச்சர்" என்று கத்துகிற அடுத்த கூட்டத்தோடு.