டம்ளருக்கு வேர்த்தால்

பொங்கல் முடிந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. மணவாளனுக்கு அன்றோடு வேலை இல்லை என்று முந்தின நாளே சொல்லியாகிவிட்டது. ஆனாலும் அவர் அந்த எவர்சில்வர் டம்ளரைக் கோடவுனிலிருந்து எடுத்துவந்து வெளியே மதில்மேல் வைத்தார். ஐந்து நிமிடம் நின்றார். டம்ளரின் வெளிப்பக்கம் பொட்டுப் பொட்டாக நீர் கோத்தது. "வேர்க்குது மேடம். இப்ப ஷட்டர் வேணாம்" என்றார் என்னிடம். டம்ளரை அங்கேயே விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புத் தகட்டுச் சுருள்கள் அடுக்கிய கோடவுன் அது. மணவாளன் அதன் ஒப்பந்த ஆள். ஆரம்பாக்கத்தில் வீடு, முக்கால் ஏக்கர் நெல். காலை பத்து மணிவரை குரங்குக் குல்லாயைக் கழற்றமாட்டார். மாலை கிளம்பும்போது டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சுருள்களுக்கு நடுவே வைத்துவிட்டுப் போவார். ராத்திரி முழுக்க அது இரும்போடு சேர்ந்து குளிரும். காலையில் வெளிக்காற்றில் வைத்தால், இரும்புக்கு நேரப்போவது முதலில் டம்ளருக்கு நேரும். டம்ளர் காய்ந்திருந்தால்தான் ஷட்டர் ஏறும்.

கேன்டீன் கிரேஸ் சும்மா விடமாட்டாள். "இன்னா மணவாளா, உன் டம்ளருக்கு ஜுரம் உட்டுச்சா?"

"சிரி கிரேசு, சிரி. நெல்லு மேல பனி நின்னா பாக்க ஷோக்கா கீது. தகடு மேல நின்னா பேஜாரு."

நானும் சிரித்தேன். நாலு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து ஸ்டோர் பொறுப்பில் சேர்ந்த இரண்டாம் மாதம். என் கையில் ஈரப்பதம் காட்டும் மீட்டர் இருந்தது.

அவரை நிறுத்திய அந்த வாரத் திங்கட்கிழமை ரயில் தாமதம். மணவாளன் வந்திருக்கவில்லை. மூடுபனி விலகி வெயில் சுள்ளென்று விழுந்தது. மீட்டர் கோடவுனுக்குள்ளே எண்பத்தைந்து காட்டியது, வெளியே எழுபது. வெளிக்காற்றுதான் காய்ந்த காற்று, உள்ளே விட்டால் ஈரம் போய்விடும் என்று முடிவுகட்டினேன். ஆணியில் தொங்கிய அவர் சாவியை எடுத்து நாலு ஷட்டரையும் ஏற்றினேன்.

அந்த எழுபது, இருபத்தெட்டு டிகிரிக் காற்றின் எழுபது. சூடான காற்று அதிகத் தண்ணீரைத் தாங்கும். முழுதாக நிறையாத நிலையிலும், உள்ளே இருந்த குளிர்காற்றைவிட அதில் தண்ணீர் அதிகம். இருபது டிகிரியில் கிடந்த இரும்பைத் தொட்டதும் அதையெல்லாம் அங்கே இறக்கியது. ஹனோயில் நான் தங்கிய அறையின் தரை இப்படித்தான் வேர்க்கும். ஜன்னலை மூடு என்று வீட்டுக்காரி கத்துவாள். பார்த்தவள்தான் நான்.

அரை மணியில் தகடெல்லாம் நனைந்திருந்தது. அவசரமாக ஷட்டர்களை இறக்கினேன். சாவியை ஆணியில் மாட்டினேன்.

ஒன்பது மணிக்கு வந்த மணவாளன் உள்ளே போனார். திரும்பி வந்து துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனார். சாயங்காலம்வரை துடைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சுருளின் மடிப்புகளுக்குள் துணி நுழையாது.

வியாழக்கிழமை பதினொரு சுருளில் துருத் திட்டு. மேனேஜர் பார்த்திபன் கொதித்தார். "சாவி உன் பேர்லதானே இருக்கு? யாருய்யா ஷட்டரைத் தொறந்தது?"

"நான் திங்கக்கெழம ஒம்போது மணிக்குத்தான் சார் வந்தேன். ரயிலு லேட்டு. மேடமே பாத்தாங்களே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் கவனிக்கலை சார்" என்றேன்.

மணவாளன் குல்லாயைக் கழற்றி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். மணி பத்துகூட ஆகவில்லை.

எந்த ஊரிலும் மனம் கசந்தால் மூட்டை கட்டிவிடுகிறவள் நான். இங்கிருந்து மட்டும் போகமுடியவில்லை. தினமும் மாலை டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். அதைத் தொடும்போதெல்லாம் கூசுகிறது. அவர் எண் போனில் இருக்கிறது. பதினோரு மாதமாக அழைக்கவில்லை.

மார்கழி முதல் தேதி காலை, ஆறே முக்காலுக்கு அந்த எண்ணிலிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. பின்னால் ரயில் சத்தம்.

"மேடம், மணவாளன் பேசறேன். நல்லா கீறீங்களா? நான் இப்ப தடாவுல ஒரு கோடவுன்ல கீறேன். பனி எறங்க ஆரம்பிச்சிட்சி, அதான் சொல்லலாம்னு. டம்ளர் அங்கயே உட்டுட்டு வந்தேன், வெச்சிப் பாருங்க. அன்னிக்கு மாதிரி சாவிய எடுத்துத் தொறந்துடாதீங்க."