முள் நடுவில்தான்

அப்பா கட்டாருக்குப் போன இரண்டாம் வருடம் அம்மா கார் ஓட்டப் பழகினார். களுவாஞ்சிக்குடியில் எங்கள் ஒழுங்கையில் அப்படி ஓட்டிய முதல் பெண் அவர்தான். முற்றத்தில் இரண்டு மாரிக்கு நனைந்து கிடந்த அப்பாவின் பழைய காரைக் கழுவித் துடைத்து, லைசனும் எடுத்து, சனிக்கிழமைகளில் என்னை மட்டக்களப்பு டவுனுக்கு ரியூசனுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. தன்னைக் கேட்டிருந்தால் தானே ஓட்டியிருப்பேனே என்பார். அம்மா சிரித்துக்கொண்டு காரின் திறப்பை எடுப்பார்.

ஆளில்லாத வெட்டை ரோட்டில் அந்தக் கார் நன்றாகத்தான் ஓடும். வாகனங்கள் நெருக்கி நின்றால் மட்டும் கொதிக்கும். ஒரு சனிக்கிழமை சரியாக ரியூசன் வாசலில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அம்மா பொனற்றைத் திறந்துவைத்து, கைலேஞ்சியால் விசிறிக்கொண்டு அரை மணி நேரம் வெயிலில் நின்றார். வகுப்பில் எல்லோரும் யன்னலால் பார்த்தார்கள். இடைவேளைக்குள் காருக்கு, தண்ணீர் கொதிக்கவைக்கிற ‘கேத்தில்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. எனக்குப் பன்னிரண்டு வயது. பெற்றவர்களை நினைத்து வெட்கப்படுவதே முழுநேர வேலையாக இருக்கிற வயது.

அம்மா காரை ஏறாவூரில் ஒரு முஸ்லிம் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனார். பத்து நாளில் பெருநாள். அவருக்குத் தலைக்கு மேல் வேலை. காரின் சூடு காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்ததால், தனியாக ஒரு மீற்றரை இடப்பக்கத்து சீற்றுக்கு நேரே பூட்டிவிட்டார். அங்கேதான் இடம் இருந்தது.

“பெருநாள் முடிய வாங்க மிஸ், ஆறுதலாப் பார்ப்பம். அதுவரைக்கும் முள்ளு சிவப்புக்குக் கிட்டப் போனா உடனே ஓரங்கட்டி நிப்பாட்டிடுங்க. ஒரு அடியும் ஓடப்படாது.”

முள்ளைப் பார்க்கும் வேலை எனக்குத் தரப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை கல்லடிப் பாலம் தாண்டியதும் ரோட்டைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். வாகனங்கள் ஊர்ந்தன. எங்களுக்குப் பின்னால் ஒரு ரியூசன் வான். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே என் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்.

“முள்ளு எங்க நிக்குது புள்ள?”

“நடுவில.” அப்போது அது உண்மை.

கொஞ்ச நேரத்தில் அம்மா மறுபடி கேட்டார். முள் நடுவைத் தாண்டியிருந்தது. நிறுத்தினால் பொனற் திறக்கப்படும். வான் எங்களை மெதுவாக, மிக மெதுவாகக் கடந்து போகும்.

“நடுவிலதான்.”

மூன்றாம் தரம் கேட்டபோது முள் சிவப்புக்குள் நின்றது. ஏதோ கருகுகிற மணமும் வந்தது.

“வடிவாப் பாத்துச் சொல்லு.”

“நடுவிலதான் அம்மா, சொல்றன்தானே!”

அம்மா என்னை நம்பி கியரைப் போட்டார். இன்னும் நூறு யார் தூரம் ஊர்ந்தோம். பிறகு முன்னால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம், கண்ணாடியை மறைத்துக்கொண்டு வெள்ளை ஆவி, நடு ரோட்டில் கார் அடங்கிப்போனது. பின்னால் அத்தனை ஹோர்ன்களும் ஒன்றாக அலறின. யாரோ ஒருவர் முச்சக்கர வண்டியிலிருந்து தலையை நீட்டி, பொம்பிளைகளுக்கு எதற்குக் கார் என்று கேட்டார். அம்மா இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு தனியாகத் தள்ளத் தொடங்கினார். வான் கடந்து போகும் வரைக்கும் நான் சீற்றுக்குக் கீழே செருப்புத் தேடுகிற மாதிரிக் குனிந்திருந்தேன்.

காரைக் கட்டி இழுத்து கராஜுக்குக் கொண்டுபோனோம். நானா எஞ்சின் விசிறிக்கு பற்றரியிலிருந்து நேரே வயர் கொடுத்தார். அது நன்றாகச் சுழன்றது.

“ஃபேன் நல்லம். அதுக்குக் கரண்ட் விடுற சுவிச்தான் செத்துக் கிடக்கு. ஓடக்கொள்ள காத்துப் படும், சூடாகாது. நிண்டா காத்தில்லையே.”

விரலளவு சாமான். அதை மட்டும் மாற்றினால் போதுமா என்று அம்மா ஆசையோடு கேட்டார். நானா ஒயில் கம்பியை இழுத்துக் காட்டினார். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது, எஞ்சினின் தலை வளைந்திருக்கும், கழற்றித்தான் பார்க்கவேண்டும் என்றார். பிறகு, மீற்றர் பிழையோ என்று அவருக்கே சந்தேகம் வந்து, அதன் வயர் நுனியிலிருந்த, சூடு அறியும் துண்டைக் கழற்றிச் சுடுதண்ணீரில் அமிழ்த்தினார். உள்ளே முள் மளமளவென்று ஏறியது.

“மீற்றர் சரி மிஸ். சிவப்பில கனநேரம் நிண்டிருக்கும். ஆரும் பாக்கல்லையா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“புள்ள நித்திரையாப் போயிட்டா,” என்றார் அம்மா. “நான்தான் ரோட்டைப் பாத்துக்கொண்டு கவனிக்காம விட்டுட்டன்.”

எனக்குப் பெரிய ஆறுதல். அந்தப் பதற்றத்தில் அம்மா எல்லாவற்றையும் மறந்துபோனார் என்று நினைத்தேன். மூன்று தரம் கேட்டு மூன்று தரமும் பதில் வாங்கியவர் எப்படி மறப்பார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அன்று பின்னேரம் அப்பா போனில் கத்தியது பக்கத்து அறைவரை கேட்டது. ஒரு முள்ளைப் பார்த்து ஓட்டத் தெரியாதா, இனி மச்சான் ஓட்டட்டும் என்றார். அம்மா “ஓம்” என்று மட்டும் சொன்னார். நான் கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன். எழுந்து இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். கோடு போட அடிமட்டத்தைத் தேடினேன்.

ஒரு மாதத்தில் கார் திரும்பி வந்தது. மாமா ஓட்டினார். புதுச் சுவிச்சின் புண்ணியத்தில் அது பிறகு ஒருநாளும் கொதிக்கவில்லை. ஓட்டுகிறவர் ஓட்டினால் எல்லாம் சரிதான் என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். அம்மா இடப்பக்கத்து சீற்றில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வருவார். நான் மாமாவுக்குப் பின்னால். வளைவுகளிலும், மாமா பஸ்ஸுக்குக் கிட்டப் போய் முட்டுகிற மாதிரி நிற்கும்போதும், பிரேக்கோ வேறொன்றோ இல்லாத தரைவிரிப்பை அம்மாவின் வலது கால் அழுத்தி அழுத்தி எடுக்கும்.

அம்மாவுக்கு இப்போது கார் என்றாலே பயம் வந்துவிட்டது என்றுதான் அன்று நான் நினைத்தேன்.