நாள் பார்த்துத் திறக்கும் கொம்பியூட்டர்

சுண்ணாம்புச் சூளை வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். இடது காலில் சுட்ட இடம் தோலுரிந்து வாரில் உரசியது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். ஊர்காவற்றுறைத் துறைக்குப் போய் முதலில் புறப்படும் வள்ளத்தில் ஏறுவது, எங்கே போகிறது என்பதை ஏறிய பிறகு கேட்பது. அந்த வயதில் எனக்கு இதற்கு மேல் திட்டம் இருந்ததில்லை.

வழியில், கரம்பொன்னில் ஒரு வீட்டு வளவுக்குள் ஜெனரேற்றர் ஒன்று இருமி இருமி நின்றது. எண்பதுகளின் கடைசி அது. சண்டையால் கரண்ட் நின்று வெகுநாளாகியிருந்தது. வேலிப் படலையைத் திறந்துகொண்டு நின்ற பெரியவர் என் கையில் இருந்த செருப்பையும் என்னையும் பார்த்தார்.

"தம்பி, உமக்கு எஞ்சின் தெரியுமோ?"

"ஓட்டத் தெரியும். திருத்தத் தெரியாது ஐயா."

"ஓடினாக் காணும். வாரும்."

மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது, அவ்வளவுதான். வடித்து ஊற்றி இழுத்தேன். ஓடியது. இனி அதன் பக்கத்தில் இருந்து வேகம் குறையாமல் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் இருந்த இடத்துக்கு நேரே யன்னல். யன்னலுக்கு உள்ளே, மேசையில், பழைய சேலைத்துண்டால் மூடியபடி ஒரு பெட்டி. அதுதான் நான் வாழ்க்கையில் முதலில் பார்த்த கொம்பியூட்டர். எனக்குத்தான் முதல். லண்டனில் ஒரு கந்தோரில் பல வருடம் உழைத்து, பழசு என்று கழிக்கப்பட்டு, அந்த வீட்டு மகன் அனுப்பிக் கப்பலில் வந்தது.

பெரியவர் தென்பகுதியில் ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. இப்போது படலையடியில் சீரகமும் மல்லியும் விற்றார். மகள் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். அது திறப்பதும் மூடுவதுமாக இருந்ததால் வீட்டிலிருந்தே ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தீவுக் கிணறுகளில் எப்போது உப்பு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது ஆராய்ச்சி. என்னைவிடச் சில வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன்.

"இண்டைக்கு என்ன செய்யப்போறியள் அக்கா?"

"இதுக்குள்ளை இன்னொரு சிஸ்டம் போடப்போறன். பெட்டி எழும்பினதும் அதை நடத்துறது ஒண்டு இருக்கு. இதிலை இருக்கிறதுக்குப் பேர் டொஸ். லண்டனிலை என்னைப் படிக்க எடுக்கிறன் எண்ட பேராசிரியரின்ர புரோகிராம் டொஸிலை ஓடாது. வேறை சிஸ்டம் வேணும். டிஸ்கெற்றிலை அனுப்பியிருக்கிறார். என்ர கிணத்துக் கணக்கை அதிலை ஓட்டி அனுப்பினாத்தான் இடம். நாளைக்குக் கொழும்புக்குப் போற ஒராளிட்டைக் குடுத்துவிட வேணும்."

"அப்ப பழைய சிஸ்டம்?"

"அதுவும் இருக்கும்."

பெரியவர் உள்ளேயிருந்து சொன்னார்: "ஒரு குசினியிலை ரெண்டு மருமகள். எங்கை உருப்படும்?"

"குசினியையும் பிரிக்கிறன் அப்பா. பயப்படாதேங்கோ."

பிரிப்பதில்தான் ஆபத்து இருந்தது. உள்ளே ஒரு தட்டு சுற்றுகிறது. அதை இரண்டு பங்காக்கும்போது அதிலுள்ள அத்தனையும் அழிந்துவிடும். அதனால் முதலில் எல்லாவற்றையும் டிஸ்கெற்றுகளில் எடுத்துவைக்க வேண்டும். டிஸ்கெற் அப்போது யாழ்ப்பாணத்தில் அரிது. பொங்கல் வரைக்குமான கணக்குகளை அக்கா ஏற்கெனவே எடுத்துவைத்திருந்தார். பொங்கலுக்குப் பிறகு எழுதியதை மட்டும் திகதி பார்த்து எடு என்று கட்டளை கொடுத்தார். பெட்டி கறகறவென்று எடுத்தது. ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டார்.

கடைசியில் ஒரு டிஸ்கெற் மிஞ்சியது.

"பாத்தியே, மிச்சம்!" என்றார் பெரியவர்.

அக்கா சிரிக்கவில்லை. "மிஞ்சேலாது அப்பா. நான் கணக்குப் பாத்து வைச்சனான்."

திரையில் பெயர்களை வரவழைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார். "அப்பா, காலமை பெட்டியைப் போடேக்கை அது திகதி கேக்குமெல்லே. என்ன அடிக்கிறனீங்கள்?"

அந்தப் பழைய பெட்டிக்கு நாள் நினைவில் நிற்காது. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் இன்று என்ன நாள் என்று கேட்கும். சாம்பிராணி காட்டிப் பெட்டியைத் திறந்து திகதியை அடிப்பது பெரியவரின் வேலை, கடை திறப்பதைப் போல.

"இண்டையான் நாளைத்தான்."

"எல்லா நாளுமோ?"

"அட்டமி நவமியிலை அடிக்கேலுமோ? கரிநாளிலை? பெட்டி வீட்டுக்கு வந்த நாளை அடிச்சனான். ஐயர் பாத்துத் தந்த நாள். வராத நாளை அடிச்சாப் பொய். வந்த நாளை அடிச்சா என்ன பிழை?"

அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கூடாத நாட்களில் எழுதிய கணக்கெல்லாம் பெட்டி வீட்டுக்கு வந்த நாளின் திகதியோடு கிடந்தது. பொங்கலுக்கு எவ்வளவோ முந்திய நாள் அது. பழசு என்று பெட்டி அவற்றை விட்டுவிட்டது.

"கடதாசியிலை எழுதி வைக்கேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

அவர் தகப்பனைப் பார்த்தார். தகப்பன் முற்றத்தைப் பார்த்தார். "மல்லி மடிக்கச் சரை சுத்தினனான். நல்ல தடிச்ச தாள்" என்றார். அக்காவின் ஒரு வருட எழுத்து மல்லியோடும் சீரகத்தோடும் ஊரெல்லாம் போயிருந்தது.

அழுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு திகதியுள்ள கணக்குகளை மிஞ்சிய டிஸ்கெற்றுக்கு ஏற்றத் தொடங்கினார். கரம்பொன் ஏறியது. புங்குடுதீவு ஏறியது. நயினாதீவு ஏறியது. நெடுந்தீவுக்கு இடம் போதவில்லை. பொங்கலுக்குப் பிறகு தொடங்கி, எல்லாம் கூடாத நாட்களிலேயே பதிந்த தீவு அது; வேறு எந்த டிஸ்கெற்றிலும் இல்லை.

"திரையைப் பாத்துக் கடதாசியிலை எழுதி எடுப்பமோ?" என்றேன்.

"எவ்வளவு எண்ணெய் கிடக்கு?"

தாங்கியைத் திறந்து காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். எழுதினால் சிஸ்டம் ஏறாது. சிஸ்டம் ஏற்றினால் எழுத முடியாது. வேறு மண்ணெண்ணெய் அன்று எவரிடமும் இல்லை.

"நெடுந்தீவு போகட்டும்" என்றார். ஒரு விசையைத் தட்டினார்.

அந்தப் பகுதியில் வேலி எல்லைக்காக அண்ணன் தம்பி கோடேறி வழக்காடிப் பார்த்திருக்கிறேன். ஒரு வேலிக் கதியாலைக் கொஞ்சம் தள்ளி நட்டதற்காக வெட்டுப்பட்டவரைத் தோளில் தூக்கிப் போயிருக்கிறேன். இங்கே அக்கா ஒரு இலக்கத்தை அடித்தார், உள்ளே சுற்றும் தட்டில் எல்லை விழுந்தது. கதியால் இல்லை, கயிறு இல்லை. பெட்டியின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. நான் எழும்பி யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எஞ்சின் தணிந்தது.

"தம்பி, எஞ்சின்!"

ஓடிப்போய்ப் பிடித்தேன்.

முதலில் டொஸ் திரும்ப ஏறியது, பிறகு புதிய சிஸ்டம் டிஸ்கெற் டிஸ்கெற்றாக ஏறியது. எடுத்துவைத்த கணக்குகளும் திரும்ப உள்ளே போயின. பிறகு அக்கா பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டார். அது முன்னைப்போல உடனே எழும்பவில்லை. ஒன்றா, இரண்டா என்று கேட்டது. ஒன்றை அடித்தார். பழைய டொஸ், பழைய எழுத்து, ஒன்றும் நடக்காதது போல நின்றது. மறுபடி அணைத்துப் போட்டு இரண்டை அடித்தார். வேறொரு பெட்டி எழும்பியது. அதே இரும்பு, அதே கண்ணாடி, ஆனால் முன்னதைப் பற்றி ஒன்றுமே அறியாத வேறொன்று. பெரியவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கோயிலில்தான் அப்படிக் கட்டுவார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் துண்டு இருந்திருந்தால் கட்டியிருப்பேன்.

பிறகு பேராசிரியரின் புரோகிராமை ஓட்டினார். திரையில் புள்ளிப் புள்ளியாகக் கோடுகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு கிணறு. மாரியில் இறங்கி, பங்குனியில் ஏறத் தொடங்கி, மேலே மேலே போயின. வழிப்போக்கனாக அந்தக் கிணறுகளில் பாதியிலாவது நான் குடித்திருப்பேன். உவர் என்று துப்பியிருப்பேன், நன்னீர் என்று முகம் கழுவியிருப்பேன். உப்பு மண்ணுக்குக் கீழே இப்படி மெல்ல ஏறி இறங்குவதை யாராவது பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியாது. நெடுந்தீவின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றபோது டிஸ்கெற் கடித உறைக்குள் இருந்தது.

இரவு அங்கேயே சோறு தந்தார்கள். விறாந்தையில் படுத்தேன். காலையில் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்திருப்பதாக அக்கா சொன்னார். நெடுந்தீவுக் கணக்கு பின்னால் வரும் என்று எழுதியிருந்தார்.

"எப்படி வரும் அக்கா?"

"கோடை இன்னும் முடியேல்லை. இனி முதலிலை இருந்து தொடங்க வேணும். கிழமைக்கொருக்கால் ஆராவது போய்த் தண்ணி எடுக்க வேணும். அப்பாவுக்கு வள்ளம் ஒத்துவராது. நீர் போவீரோ?"

"எத்தினை கிணறு?"

"ஊரார் குடிக்கிறது எல்லாம்."

"மழை வருமட்டும் நிப்பீரோ?" என்று கேட்டார் பெரியவர். அதுவரை என்னிடம் எவரும் அப்படிக் கேட்டதில்லை, நானும் எங்கேயும் மழைவரை நின்றதில்லை.

"ஓம்" என்றேன்.

பெரியவர் வெற்றுச் சோடாப் போத்தல்களைக் கழுவிச் சாக்கில் அடுக்கினார். கயிறு கட்டிய வாளியையும் தந்தார்கள். நெடுந்தீவுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து வருகிற வேலைக்காரனாக அன்று காலை துறைக்குப் போனேன்.